கெர்னல் புதுப்பித்த பிறகு கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. பழைய கெர்னலில் மட்டும் திரை வருகிறது

கேள்வி

வணக்கம். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய மேசைக் கணினி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். கடந்த மாதம் அதில் ட்யூரிங் தலைமுறையைச் சேர்ந்த என்விடியா கிராபிக்ஸ் அட்டை ஒன்றைப் பொருத்தி, டெபியன் களஞ்சியத்தின் நான்-ஃப்ரீ பகுதியில் உள்ள டிரைவரை, இணையத்தில் படித்த ஒரு வழிகாட்டியைப் பின்பற்றி நிறுவினேன். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குவதே என் அன்றாட வேலை. அட்டை இயங்காவிட்டால் இந்தக் கணினி இருந்தும் எனக்குப் பயனில்லை.

நேற்று முன்தினம் வழக்கம்போல் எல்லாப் பேக்கேஜ்களையும் புதுப்பித்தேன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 6.1.0-21 இலிருந்து 6.1.0-22 ஆக மாறியது. மறுதொடக்கம் செய்தபோது, தொடக்க வரிகள் ஓடி முடிந்த பிறகு, உள்நுழைவுத் திரை வரவேண்டிய இடத்தில் கருந்திரை மட்டும் நின்றது. இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் காத்திருந்தும் மாற்றமில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள டெர்மினல் வருகிறது. அங்கே கடவுச்சொல் கொடுத்து உள்ளே போக முடிகிறது. ஆகவே கணினி முழுவதும் எழுந்துவிட்டது, வரைகலைப் பகுதி மட்டும் எழவில்லை என்பது வரை புரிந்துகொண்டேன்.

அந்த டெர்மினலில் பார்த்தவற்றை அப்படியே சொல்கிறேன். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. ஏறியிருக்கும் மாட்யூல்களை, அதாவது கெர்னலுடன் இணையும் துணைக் கூறுகளைக் காட்டும் எல்எஸ்மாட் தரும் பட்டியலில் என்விடியா என்ற பெயரே இல்லை. மாட்ப்ரோப் கட்டளையால் ஏற்ற முயன்றால், அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் இந்தக் கெர்னலின் கோப்புறையில் இல்லை என்று பதில் வருகிறது. ஆனால் கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று பழைய 6.1.0-21 ஐத் தேர்ந்தெடுத்தால், எந்தக் குறையும் இல்லாமல் திரை வருகிறது, பிளெண்டரும் அட்டையை அடையாளம் காண்கிறது. இதை எழுதுவதும் பழைய கெர்னலில் இருந்துதான்.

தெரிந்தவர் ஒருவர் கணினியை முழுவதுமாக மீண்டும் நிறுவிவிடு என்கிறார். இன்னொருவர், அட்டை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நிறுவிக் கோப்பைத் தரவிறக்கி அதை ஓட்டச் சொல்கிறார். எதைச் செய்வது? டிரைவரை நான் தொடவே இல்லை. கெர்னல் மாறினால் டிரைவர் ஏன் காணாமல் போக வேண்டும் என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

அந்த இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து தள்ளி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. பழைய கெர்னலில் எல்லாம் சரியாக இயங்குகிறது என்றால், அட்டை நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, டிரைவரின் கோப்புகளும் திரைக்கான அமைப்புகளும் நன்றாக இருக்கின்றன. இவற்றில் எதையும் அழித்து மீண்டும் நிறுவக் காரணமே இல்லை. புதிய கெர்னலுக்கு மட்டும் ஏதோ ஒன்று கிடைக்காமல் போயிருக்கிறது. அது எது என்பதையும் மாட்ப்ரோப் உங்களிடம் சொல்லிவிட்டது.

கிராபிக்ஸ் டிரைவர் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு பகுதிகள். ஓபன்ஜிஎல், வல்கன் போன்ற நூலகங்கள் பயனர் பக்கத்தில் இருப்பவை. அவற்றுக்குக் கெர்னல் எண் மாறுவது ஒரு பொருட்டல்ல, ஏனெனில் சாதாரண நிரல்கள் கெர்னலை அழைக்கும் முறை உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். மற்றொரு பகுதி கெர்னலுக்குள்ளேயே ஏறி அமரும் மாட்யூல். அங்கே நிலைமை நேர்மாறானது. கெர்னலின் உட்புற அமைப்புகளும் செயற்கூறுகளும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களுக்கு இதனால் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் ஓர் உட்புறச் செயற்கூற்றை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஏஎம்டி அட்டைகளுக்கான ஏஎம்டிஜிபியு, இன்டெல் அட்டைகளுக்கான ஐ915, என்விடியா அட்டைகளுக்கான நூவோ ஆகிய மூன்றும் அவ்வாறு உள்ளே இருப்பவை. நூவோ 2010 இல் 2.6.33 பதிப்புடன் சேர்ந்தது, ஏஎம்டிஜிபியு 2015 இல் 4.2 பதிப்புடன் வந்தது. நீங்கள் நிறுவியிருப்பது வெளியே இருந்து வருவது. அதன் மையப் பகுதி ஏற்கெனவே தொகுக்கப்பட்ட மூடிய கோப்பாகவும், கெர்னலைத் தொடும் மேலடுக்கு மூலநிரலாகவும் வருகிறது. அந்த மேலடுக்கை உங்கள் கணினியே, ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகத் தொகுத்து, மையப் பகுதியுடன் இணைத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தானாகச் செய்வதற்காகத்தான் டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. டெல் நிறுவனத்தில் 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தக் கருவி, புதிய கெர்னல் வரும்போதெல்லாம் பதிந்து வைத்துள்ள மூலநிரலை எடுத்து, அந்தக் கெர்னலுக்கென மாட்யூலை உருவாக்கி, அதன் கோப்புறையில் வைத்துவிடும். ஆனால் அதற்கு அந்தக் கெர்னலின் ஹெட்டர் கோப்புகள், அதாவது அதன் உட்புற அமைப்புகளையும் செயற்கூறுகளையும் மாட்யூல் தொகுப்புக்கு விவரிக்கும் கோப்புகள், கையில் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் மாட்யூல் உருவாகாது. கெர்னல் நிறுவல் மட்டும் தன்பாட்டுக்கு முடிந்துவிடும். திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே அதை யாரும் கவனிப்பதில்லை.

நீங்கள் பின்பற்றிய வழிகாட்டியில் ஹெட்டரை நிறுவும் வரியை ஒருமுறை மீண்டும் பாருங்கள். லினக்ஸ்-ஹெட்டர்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் யூநேம் கட்டளையை அடைப்புக்குறிக்குள் இட்டு, அப்போது ஓடும் கெர்னலின் எண்ணைத் தானாக ஒட்டிக்கொள்ளும்படி எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பல வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வரி அன்று சரியாகவே வேலை செய்யும். ஆனால் அது நிறுவியது 6.1.0-21 இன் ஹெட்டரை மட்டும். 6.1.0-22 வரும்போது அதற்குரிய ஹெட்டரும் கூடவே வர வேண்டும் என்று உங்கள் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வது லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 என்ற எண்ணில்லாத பேக்கேஜ். அதற்குள் கோப்புகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எப்போதும் அண்மைக் கெர்னலின் ஹெட்டரைச் சுட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் பணி. பெயரில் ஏஎம்டி64 என்று இருப்பது 64 பிட் கட்டமைப்பைத்தான் குறிக்கிறது. இன்டெல் செயலி உள்ள கணினிக்கும் இதே பெயர்தான்.

ஊகத்தை நம்பி எதையும் நிறுவ வேண்டாம். முதலில் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையை இட்டு, அது எந்தெந்தக் கெர்னல் எண்களுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று காட்டுகிறது என்பதைப் பாருங்கள். பிறகு ஆப்ட் கருவியின் வரலாற்றுப் பதிவைத் திறந்து, நேற்று முன்தினம் லினக்ஸ்-இமேஜ் என்பதோடு லினக்ஸ்-ஹெட்டர்ஸ் என்பதும் வந்ததா என்று தேடுங்கள். நான் நினைப்பது சரியென்றால் 21 மட்டும் இருக்கும், 22 இருக்காது. அப்போது அந்த எண்ணில்லாத ஹெட்டர் பேக்கேஜை நிறுவுங்கள். அது உள்ளே வந்தவுடன் டிகேஎம்எஸ் தானாகவே தொகுக்கத் தொடங்கும். சில நிமிடங்கள் ஆகலாம், நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

தளத்திலிருந்து நிறுவிக் கோப்பை ஓட்டுவதை நான் ஏன் தடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் அதே நூலகங்களை எழுதும். அடுத்த புதுப்பிப்பில் பேக்கேஜ் மேலாளர் அவற்றின் மீது தன் கோப்புகளை எழுதும். பிறகு கெர்னல் பகுதி ஒரு பதிப்பாகவும் நூலகம் வேறொரு பதிப்பாகவும் நின்று, இன்று இருப்பதைவிடக் கடினமான முடிச்சு விழும். இது சரியாகும் வரை பழைய கெர்னலை நீக்கவும் வேண்டாம். இப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பான படி அதுதான்.

கேட்டவரின் மறுமொழி

ஐயா, தாங்கள் சொன்னது வரிக்கு வரி சரியாக இருந்தது. டிகேஎம்எஸ் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதில் 6.1.0-21 மட்டும். வரலாற்றுப் பதிவில் லினக்ஸ்-இமேஜ்-6.1.0-22 நிறுவப்பட்டது தெளிவாக இருக்கிறது, ஹெட்டரின் பெயர் அந்த நாளில் எங்குமே இல்லை. என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த வரியையும் பார்த்தேன்: யூநேம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அதே வரி.

பழைய கெர்னலில் இருந்தபடியே லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 ஐ நிறுவினேன். பேக்கேஜ் விரிக்கப்பட்ட பின் டெர்மினல் அசையாமல் நின்றது, ஆனால் செயலியின் விசிறி வேகமெடுத்தது. தொகுப்பு நடக்கிறது என்று புரிந்துகொண்டு காத்திருந்தேன். முடிந்ததும் பட்டியலில் 21, 22 என்று இரண்டு வரிகள் வந்தன. மாட்இன்ஃபோ கட்டளையால் புதிய மாட்யூலைப் பார்த்தபோது, அது எந்தக் கெர்னலுக்கானது என்று காட்டும் வெர்மேஜிக் என்ற வரியில் 6.1.0-22 என்ற எண்ணே பொறிக்கப்பட்டிருந்தது. மறுதொடக்கம் செய்தேன், உள்நுழைவுத் திரை வந்துவிட்டது. பிளெண்டரில் நிறுத்தி வைத்திருந்த காட்சியும் இப்போது அட்டையிலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது. மிக்க நன்றி.

இன்னொருவரின் மறுமொழி

இதே அறிகுறிகள் எனக்கும் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். எனக்கும் டெபியன் 12 தான், என்விடியா அட்டைதான். கெர்னல் புதுப்பித்த அடுத்த நாளிலிருந்து கருந்திரை. மேலே சொன்னபடி பார்த்தேன். ஹெட்டர் பேக்கேஜ் முதலிலிருந்தே இருக்கிறது, டிகேஎம்எஸ் பட்டியலில் புதிய எண்ணும் பழைய எண்ணும் இன்ஸ்டால்டு என்றே காட்டுகின்றன. இருந்தும் மாட்ப்ரோப் இட்டால், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வந்து நின்றுவிடுகிறது. முதலில் கேட்டவருக்கு நடந்ததுபோல் பழைய கெர்னல் எனக்கு உதவவில்லை, அதிலும் அதே கருந்திரைதான். கெர்னல் புதுப்பிப்புக்கு முன் எதையும் மாற்றவில்லை. மதர்போர்டின் ஃபர்ம்வேரை (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமை மென்பொருளை) மட்டும் அதே வாரத்தில் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன்.

முதலில் பதில் எழுதியவரின் மறுமொழி

அறிகுறி ஒன்றுபோலத் தோன்றினாலும் உங்களுடையது வேறு சிக்கல், நண்பரே. அதைப் பிரித்துக் காட்டுவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி: பழைய கெர்னலும் இயங்கவில்லை. கெர்னல் புதுப்பிப்பு காரணமாக இருந்தால் பழைய கெர்னல் நேற்றுவரை இருந்ததுபோலவே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் பழுதாகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான வேறொன்று மாறியிருக்கிறது. உங்கள் கணினியில் அது ஃபர்ம்வேர்.

ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது அதன் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்புவது உண்டு. அவ்வாறு திரும்பும்போது நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு ஏற்பாடான செக்யூர் பூட், நீங்கள் முன்பு அணைத்து வைத்திருந்தால், மீண்டும் இயங்கு நிலைக்கு வந்திருக்கும். டெபியன் 2019 இல் வந்த 10 ஆம் பதிப்பிலிருந்து செக்யூர் பூட்டுடன் இயங்கக்கூடியது. ஆகவே கெர்னல் எழுவதில் எந்தத் தடையும் தெரியாது. ஆனால் செக்யூர் பூட் இயங்கும்போது, தான் நம்பும் சாவியால் கையொப்பமிடப்படாத மாட்யூல் எதையும் டெபியனின் கெர்னல் உள்ளே விடாது. டெபியன் தொகுத்துத் தரும் மாட்யூல்களில் டெபியனின் கையொப்பம் இருக்கிறது. உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் தொகுத்த மாட்யூலில் இருப்பது டிகேஎம்எஸ் தானே உருவாக்கிக்கொண்ட சாவியின் கையொப்பம். அந்தச் சாவியை உங்கள் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் யாரும் இன்னும் சேர்க்கவில்லை.

மாக்யூட்டில் கட்டளையை எஸ்பி-ஸ்டேட் என்ற தெரிவுடன் இட்டால் செக்யூர் பூட்டின் நிலை தெரியும். இயங்குகிறது என்று வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஃபர்ம்வேருக்குள் சென்று அதை மீண்டும் அணைத்துவிடுவது எளிய வழி. நான் பரிந்துரைப்பது மற்றதை: சாவியை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் பாதுகாப்பும் நிற்கும், டிரைவரும் ஏறும். வார், லிப், டிகேஎம்எஸ் என்று படிப்படியாகச் செல்லும் கோப்புறைக்குள் மாக்.பப் என்ற கோப்பு இருக்கும். அதை மாக்யூட்டிலின் இம்போர்ட் தெரிவுக்குக் கொடுங்கள். ஒரு கடவுச்சொல்லை இருமுறை கேட்கும். அது அடுத்த தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பயன்படுவதற்கு மட்டும். ஆனாலும் அதில் குறியீடுகளைச் சேர்க்காமல் சாதாரண ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் அமையுங்கள், ஏனெனில் அடுத்து வரப்போகும் திரையில் உங்கள் விசைப்பலகை அமைப்பு எடுபடாமல் அமெரிக்க விசைப்பலகை அமைப்பே இருக்கும்.

மறுதொடக்கம் செய்ததும், கிரப் வருவதற்கு முன்னால், நீல நிறத் திரை ஒன்று தோன்றிப் பத்து நொடிகளைக் குறைத்துக்கொண்டே வரும். அந்தப் பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். தேநீர் எடுக்க எழுந்து சென்று இதைத் தவறவிட்டவர்கள் பலர்; தவறினால் இம்போர்ட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். உள்ளே சென்றதும் என்ரோல் மாக் என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடரச் சம்மதித்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

மற்றொருவரின் மறுமொழி

மேலே உள்ள விளக்கங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். இன்னும் ஒரு நிலைமையையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் பயனர் எவ்வளவு முயன்றாலும் பயனிருக்காது. ஹெட்டர் இருக்கும், சாவியும் இருக்கும், ஆனால் தொகுப்பே பாதியில் முறிந்துவிடும். டிகேஎம்எஸ் கோப்புறையில் அந்த டிரைவரின் பெயருக்குக் கீழே உள்ள பில்ட் பகுதியில் மேக்.லாக் என்ற கோப்பு இருக்கும். முறிந்த காரணம் அதன் கடைசி வரிகளில் எழுதியிருக்கும்.

2024 பிப்ரவரி 10 அன்று டெபியன் 12.5 வெளிவந்தபோது அதுதான் நடந்தது. அத்துடன் வந்த 6.1.76 கெர்னலில், நினைவகப் பக்கங்களைச் சரிபார்க்கும் ஒரு சிறு செயற்கூற்றில் போட்டிநிலைப் பிழை (ஒரே நேரத்தில் நடக்கும் இரு வேலைகள் ஒன்றோடொன்று மோதும் பிழை) ஒன்றைத் திருத்தியிருந்தார்கள். திருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் செயற்கூறு ஹெட்டருக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் அது நகலாகிறது. புதிதாகச் சேர்த்த பூட்டும் முறையோ ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. மூடிய உரிமம் கொண்ட என்விடியா மாட்யூல் எந்த மாற்றமும் இல்லாமலேயே அந்தத் தடையில் சிக்கி, தொகுப்பின் இறுதிக் கட்டத்தில் நிராகரிக்கப்பட்டது. திருத்தப்பட்ட டிரைவர் பேக்கேஜ் வரும்வரை பழைய கெர்னலில் இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்த்தவர்களுக்கு நேரம்தான் போனது. என்விடியா 2022 மே மாதத்தில் வெளியிட்ட திறந்த மூலநிரல் கெர்னல் மாட்யூல்கள் எம்ஐடி, ஜிபிஎல் ஆகிய இரட்டை உரிமம் கொண்டவை என்பதால் இத்தகைய தடை அவற்றுக்கு இல்லை. ட்யூரிங்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளும் வைத்திருப்பவர்கள் அந்த வழியையும் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய நாள்களில் கெர்னலை ஆப்ட்-மார்க் ஹோல்டு கட்டளையால் நிறுத்தி வைப்பது தவறில்லை. ஆனால் நிறுத்தியதை மறந்துவிடுவது பெருந்தவறு: பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் அந்தக் கெர்னலுக்கு வராது, கணினி மாதக்கணக்கில் திறந்த கதவோடு இருக்கும். நிறுத்திய நாளையும் காரணத்தையும் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை பார்த்து, தீர்வு வந்தவுடன் விடுவித்துவிடுங்கள்.

பழைய கெர்னலைப் பாதுகாக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. பூட் பகுதியைத் தனிப் பகிர்வாக வைத்திருந்த என் மடிக்கணினியில் ஐந்து கெர்னல்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆறாவது வந்தபோது இடம் தீர்ந்து, கெர்னல் எழும்போது முதலில் பயன்படுத்தும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு முழுமையாக எழுதப்படாமல் நின்றது. மறுதொடக்கத்தில் கெர்னல், இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வைக் கண்டுபிடிக்க முடியாமல் அங்கேயே முடங்கியது. அதை டிரைவர் பழுது என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் டிரைவரையே நோண்டிக்கொண்டிருந்தேன். டிஎஃப் கட்டளையால் பூட் பகிர்வில் மீதி எவ்வளவு என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இயங்கும் கெர்னல் ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று; அதற்குமேல் தேவைப்பட்டதில்லை.

இரண்டாவதாகக் கேட்டவரின் மறுமொழி

செக்யூர் பூட் இயங்கு நிலையில்தான் இருந்தது. சாவியைப் பதிவு செய்தேன். நீலத் திரையில் கவுண்டர் ஏழுக்கு வந்தபோது விசையை அழுத்தினேன். இப்போது இரண்டு கெர்னல்களிலும் திரை வருகிறது. ஃபர்ம்வேர் புதுப்பிப்பை நான் கணக்கிலேயே எடுக்காமல் கெர்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சுட்டிக் காட்டியதற்கு நன்றி.

கேட்டவரின் மறுமொழி

ஒரு சிறு தகவலுக்காக மீண்டும் எழுதுகிறேன். இன்று 6.1.0-23 வந்தது. இம்முறை புதுப்பிப்பை முடித்தவுடன் மறுதொடக்கம் செய்யாமல் முதலில் டிகேஎம்எஸ் பட்டியலைப் பார்த்தேன்; 23 க்கான வரி ஏற்கெனவே அங்கே இருந்தது. ஹெட்டரும் தானாகவே வந்திருக்கிறது. மறுதொடக்கத்தில் திரை எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுந்தது. பூட் பகிர்வில் இடமும் பார்த்தேன். போதுமான அளவு இருக்கிறது, 21 ஐ மட்டும் நீக்கிவிட்டேன். குறிப்பேட்டில் யூநேம் இருந்த அந்த வரியை அடித்துவிட்டு, எண்ணில்லாத பேக்கேஜின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.